டயலர் மென்பொருளில் விற்பனை கால் (அழைப்பு): அமைப்பதிலிருந்து ஃபாலோ-அப் வரை முழுமையான வழிகாட்டி

நாள் முழுக்கக் கையால் எண்ணை அழுத்திப் பேசும் ஒரு விற்பனையாளரின் நேரம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமா? அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எண்ணைத் தேடுவது, அழுத்துவது, மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது, எடுக்காவிட்டால் எக்செலில் குறிப்பது, மறுபடி அடுத்த எண். பத்து பேருக்கு அடித்தால் ஒருவர் எடுக்கிறார், ஒவ்வொரு முயற்சிக்கும் 40 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆளிடம் பேச வாய்ப்புக் கிடைக்க ஆறு நிமிடம் சும்மா போகிறது. பட்டியலில் உள்ள எண்களைத் தானே அடித்துக் கொடுக்கும், இணையம் வழியாக இயங்கும் டயலர் மென்பொருள் மிச்சம் பிடிப்பது இந்த ஆறு நிமிடத்தைத்தான்.

அதோடு இன்னொன்றும் போய்விடுகிறது. மணி அடித்துக்கொண்டிருந்தபோது, அடுத்துப் பேசப்போகிறவர் யார், போன தடவை என்ன சொன்னார் என்று விற்பனையாளர் யோசித்துக்கொண்டிருந்தார். டயலர் வேகமாக ஓட ஓட அந்த யோசனைக்கு இடமில்லாமல் போகிறது. எவ்வளவு வேகம் வைப்பது, எங்கே நிறுத்துவது என்ற முடிவுதான் இந்த வேலையில் பாதி. மற்ற அமைப்புகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. எந்த வேகம் என்று முடிவெடுங்கள்

டயலர் விற்பவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவர் 'பவர்' என்று சொல்வதை இன்னொருவர் 'ப்ரோக்ரசிவ்' என்பார். பெயரை விடுங்கள், இரண்டே கேள்வி கேளுங்கள். கால் போவதற்கு முன் விற்பனையாளர் வாடிக்கையாளரின் விவரத்தைப் பார்க்கிறாரா? ஒரு விற்பனையாளருக்கு ஒரே நேரத்தில் எத்தனை எண் அடிக்கிறது?

ப்ரிவியூ முறையில் விவரம் திரையில் வரும், படித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால்தான் கால் போகும். ப்ரோக்ரசிவ் முறையில் ஒருவர் காலியானதும் அவருக்காக ஒரு எண்ணை மென்பொருளே அடிக்கும். ஓர் ஆளுக்கு ஒரு கால், அவ்வளவுதான். ப்ரெடிக்டிவ் முறை கணக்குப் போடும்: இத்தனை பேரில் இத்தனை பேர் எடுப்பார்கள், நம் ஆட்கள் இன்னும் இத்தனை விநாடியில் பேசி முடிப்பார்கள் என்று கணித்து, இருக்கும் ஆட்களைவிட அதிகமான எண்களை முன்கூட்டியே அடித்துவிடும். கணிப்பு தப்பினால், எடுத்தவர் 'ஹலோ ஹலோ' என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்.

பத்துப் பேருக்குக் குறைவான குழுவுக்கு ப்ரெடிக்டிவ் வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தக் கணக்கு சராசரியை நம்பி ஓடுகிறது. நூறு பேர் இருந்தால் ஒருவர் பேச்சு நீண்டாலும் சராசரி அசையாது. ஐந்து பேரில் இருவர் நல்ல வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொண்டால் கிட்டத்தட்ட பாதிப் பலம் காலி. ஆனால் அவர்களுக்காக அடித்த எண்கள் அதற்குள் எடுக்கப்பட்டிருக்கும்.

நிறுவனங்களுக்கு விற்கிறீர்கள், ஒவ்வொரு விற்பனையும் பெரிய தொகை என்றால் ப்ரிவியூ. ஏற்கெனவே விசாரித்தவர்கள், படிவம் நிரப்பியவர்கள் என்றால் ப்ரோக்ரசிவ். பல்லாயிரம் பேர் கொண்ட பட்டியல், சொல்ல வேண்டிய செய்தி ஒன்றே, ஆட்களும் நிறைய என்றால் மட்டும் ப்ரெடிக்டிவைப் பற்றி யோசிக்கலாம். தீர்மானிக்க முடியவில்லையா, ப்ரோக்ரசிவில் தொடங்குங்கள். பிறகு மாற்றுவது ஒரு சொடுக்குதான்.

2. நெட்டையும் ஹெட்செட்டையும் சரிபாருங்கள்

'எங்கள் நெட் 200 எம்பிபிஎஸ், பிரச்சினை வராது' என்று சொல்பவர்கள் பலர். குரலுக்கு வேகம் பெரிதாகத் தேவையே இல்லை. பழைய ஜி.711 குரல் முறையில் ஒரு காலுக்கு ஒவ்வொரு திசையிலும் 90 கிலோபிட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆகும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு எம்பிபிஎஸ்ஸுக்குள் முடிந்துவிடும். சுருக்கிய ஜி.729 என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. உலாவியிலேயே ஓடும் டயலர்கள் பல ஓபஸ் முறையைப் பயன்படுத்துகின்றன. நெட் தடுமாறும்போது அது தன்னைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளும்.

பார்க்க வேண்டியவை வேறு மூன்று: தாமதம், ஜிட்டர், பாக்கெட் இழப்பு. ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடி இருவரும் தொடங்குவார்கள். விற்பனைப் பேச்சில் இது விஷம். நெட்டில் குரல் சிறு துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாகப் போகிறது. ஜிட்டர் என்பது அந்தப் பாக்கெட்டுகள் சீரில்லாமல் வந்து சேர்வது. அது 30 மில்லிவிநாடிக்குள்ளும், இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் போதும். காலையில் யாரும் இல்லாத நேரத்தில் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது, யாரோ ஒருவர் பெரிய கோப்பை மேலேற்றிக்கொண்டிருக்கும்போது சோதியுங்கள். குரல் உடைவது பெரும்பாலும் அப்போதுதான். ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை தரும் அமைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். வைஃபைக்குப் பதில் கேபிள் இழுத்தால் பாதிப் புகார் தானாகக் குறையும்.

இன்னொன்று: நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது நமக்குக் கேட்கவில்லை. கணினியில் தனி மென்பொருளாக நிறுவிப் பேசும் சாஃப்ட்ஃபோன்களில் இது அடிக்கடி வரும். எஸ்ஐபி என்பது இணையத்தில் காலை இணைக்கும் முறை. ரூட்டரில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்று ஒரு அமைப்பு இருக்கும். உதவி செய்வதற்காக வைத்தது, நடைமுறையில் கால் தகவலைத் திருத்தப்போய்க் குழப்பிவிடுகிறது. முதல் வேலையாக அதை அணைத்துப் பாருங்கள்.

ஹெட்செட்டில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். யுஎஸ்பி கம்பியோடு, சுற்றுச் சத்தத்தைக் குறைக்கும் மைக் உள்ளதாக வாங்குங்கள். பாட்டுக் கேட்க அருமையாக இருக்கும் பல ப்ளூடூத் ஹெட்செட்கள், மைக் இயங்கத் தொடங்கியதும் தரம் குறைந்த குரல் முறைக்கு இறங்கிவிடும்.

3. எண்ணை வாங்கி, அதன் பெயரைக் காப்பாற்றுங்கள்

வாடிக்கையாளர் முதலில் பார்ப்பது உங்கள் எண்ணை. அது அவருடைய நாட்டு எண்ணாக, திரும்ப அழைத்தால் ஆள் எடுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காலைத் தவறவிட்டவர்களில் ஒரு சிலர் திரும்ப அழைப்பார்கள், அவர்கள்தான் அன்றைய பட்டியலிலேயே நல்ல லீட் (வாங்க வாய்ப்புள்ளவர்). அவர்களுக்கு 'இந்த எண் பயன்பாட்டில் இல்லை' என்று கேட்டால் எவ்வளவு நஷ்டம்! உள்வரும் காலை, கடைசியாக அவரை அழைத்த விற்பனையாளருக்கே போகும்படி அமையுங்கள். அவர் பேச்சில் இருந்தால் குழுவில் யாருக்காவது போகட்டும்.

டயலரில் ஏற்றும் எல்லா எண்களையும் கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, பிறகு எண் என்ற ஒரே வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். ஈ.164 என்ற இந்த வடிவில் கூட்டல் குறியை விட்டு அதிகபட்சம் 15 இலக்கம். பாதி எண்கள் பூஜ்யத்தோடும் பாதி இல்லாமலும் இருந்தால், ஒரே ஆளுக்கு இரண்டு பேர் கால் போடுவது உறுதி.

'ஸ்பேம்' முத்திரை எப்படி விழுகிறது? ஒரே எண்ணிலிருந்து நிறைய கால், பெரும்பாலானவை எடுக்கப்படாமல், எடுத்தவையும் சில விநாடிகளில் கட். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கணிப்பு முறைகள் கவனிப்பது இத்தகைய போக்குகளை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2021 முதல் 'ஸ்டர்/ஷேக்கன்' என்ற சான்று முறையும் நடைமுறையில் இருக்கிறது. காலைத் தொடங்கும் நிறுவனம், அழைப்பவரையும் அந்த எண்ணைப் பயன்படுத்தும் உரிமையையும் சரிபார்த்திருந்தால் 'ஏ' தரம். அழைப்பவரை மட்டும் தெரியும் என்றால் 'பி', எங்கிருந்தோ வந்ததைக் கடத்திவிடுகிறது என்றால் 'சி'. அங்கே கால் பேசுவதாக இருந்தால், எண்ணை ஒரு நிறுவனத்திடமும் லைனை இன்னொரு நிறுவனத்திடமும் வாங்கும்போது 'ஏ' கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

முத்திரை விழுந்ததும் எண்ணை மாற்றிக்கொண்டே போவது சிலருக்கு வழக்கம். அது அதே முத்திரையை அடுத்த எண்ணுக்கும் இழுத்துக்கொண்டு வரும். எண்ணை மாற்றுவதைவிட ஓர் எண்ணிலிருந்து ஒரு நாளைக்குப் போகும் கால்களைக் குறைப்பதும், எடுக்காதவரைத் திரும்பத் திரும்ப அழைக்காமல் இருப்பதும்தான் மருந்து.

4. சட்டம்: வாடிக்கையாளர் இருக்கும் நாட்டைப் பாருங்கள்

நீங்கள் எங்கிருந்து அழைத்தாலும், எடுப்பவர் இருக்கும் நாட்டின் விதிதான் முதலில் பார்க்க வேண்டியது. அமெரிக்காவின் டெலிமார்க்கெட்டிங் விதிப்படி, எடுப்பவரின் உள்ளூர் நேரம் காலை 8 முதல் இரவு 9 வரைதான் அழைக்கலாம். அங்கே 'அழைக்க வேண்டாம்' தேசியப் பதிவேடு 2003 முதல் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய குரலும் செயற்கைக் குரல்தான், அதற்கும் முன் அனுமதி வேண்டும் என்று அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2024 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியது. இந்தியாவில் விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் எண் வரிசையும், அழைப்பு வேண்டாம் என்று பதிந்தவர்களை விலக்கும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிகளும் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆளின் எண்ணைச் சேமிப்பதற்கே சட்ட அடிப்படை காட்ட வேண்டும்.

பேச்சைப் பதிவு செய்வது தனி விஷயம். சில இடங்களில் ஒரு தரப்பு சம்மதம் போதும், கலிஃபோர்னியா போன்ற இடங்களில் பேசும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். எல்லோருக்கும் சொல்லிவிடுவதே நல்லது. 'இந்த அழைப்பு பதிவாகிறது' என்று விற்பனையாளரே ஒரு வரியில் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

5. பட்டியலைக் கழுவுங்கள்

டயலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பட்டியல் மோசம் என்றால், மோசமான கால்களை வேகமாகப் போடும், அவ்வளவுதான். ஏற்றுவதற்கு முன் ஒரே எண் இரண்டு தடவை இருப்பதை நீக்குங்கள். அழைக்க வேண்டாம் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். உங்களிடமே 'இனி கூப்பிடாதீர்கள்' என்று சொன்னவர்களின் பட்டியல் ஒன்று இருக்கும், அதோடும் ஒப்பிடுங்கள். நேர மண்டலத்துக்குப் பட்டியலில் ஒரு நெடுவரிசைப் பத்தி சேருங்கள். எண்ணின் முன்குறியீட்டை வைத்து நேரத்தைக் கணிப்பது செல்பேசிக்குச் சரிவராது, ஆள் வேறு ஊருக்கு எண்ணோடு குடிபோயிருப்பார். முகவரி இருந்தால் அதையே நம்புங்கள்.

அப்புறம் ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்: 'ஏன் அழைக்கிறோம்'. டெமோ கேட்டார், ஒப்பந்தம் முடியப்போகிறது, பழைய வாடிக்கையாளர், கண்காட்சியில் அட்டை கொடுத்தார். ஒரே வரிதான். விற்பனையாளரின் முதல் வாக்கியம் இந்தப் பத்தியிலிருந்துதான் வரப்போகிறது. இது காலியாக இருக்கும் எண்களைத் தனிப் பட்டியலாக ஒதுக்கிக் கடைசியில் வையுங்கள்.

6. 'ஹலோ'வுக்குப் பிறகு வரும் அந்த இரண்டு விநாடி

டயலர் அமைப்பில் எதற்காவது அரை நாள் ஒதுக்குவதானால் இதற்கு ஒதுக்குங்கள். தெரியாத எண்ணை எடுத்து 'ஹலோ' என்று சொல்லி, எதிரே மௌனம் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இன்னொரு தடவை 'ஹலோ' சொல்லுவீர்கள், பிறகு வைத்துவிடுவீர்கள். வைக்காமல் இருப்பவரும் 'இது விற்பனைக் கால்' என்று அதற்குள் தெரிந்துகொண்டிருப்பார். விற்பனையாளர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்த மௌனத்தை மீட்க முடியாது.

மௌனம் மூன்று இடத்திலிருந்து வருகிறது. ஆள் காலியாக இல்லாதது ஒன்று. இது ப்ரெடிக்டிவின் கோளாறு. அமெரிக்க விதிப்படி எடுத்தவர் வணக்கம் சொல்லி முடித்த 2 விநாடிக்குள் ஆள் வர வேண்டும், வராதவை 'கைவிட்ட கால்'. அவை 30 நாளில், ஒரு பிரசாரத்தில் (ஒரே நோக்கத்துக்காகப் போடும் கால்களின் தொகுப்பு), மனிதர்கள் எடுத்த கால்களில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த விதி உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் 3 என்பதை உச்சமாக வைத்துக்கொண்டு 1-ஐக் குறி வையுங்கள்.

இரண்டாவது, பதிலளிக்கும் இயந்திரத்தைக் கண்டறியும் அம்சம். எடுத்தது மனிதரா வாய்ஸ்மெயிலா என்று இது கேட்டுப் பார்க்கிறது. மனிதர் சுருக்கமாக ஒரு 'ஹலோ' சொல்லி நிறுத்துவார், இயந்திரம் நிறுத்தாமல் பேசும். இந்த வேறுபாட்டை அளக்க அதற்கு நேரம் வேண்டும், அந்த நேரம் முழுக்க எடுத்தவருக்கு மௌனம். திறந்த மூலத் தொலைபேசி மென்பொருளான ஆஸ்டரிஸ்க்கின் மாதிரி அமைப்பில் இந்தச் சோதனைக்கு அதிகபட்சம் 5000 மில்லிவிநாடி தரப்பட்டிருக்கிறது. ஐந்து விநாடி! பெரும்பாலான கால்கள் அவ்வளவு நேரம் போகாது, ஆனாலும் கூடுதல்தான். இன்னொரு வேடிக்கை: நிறுவனங்களின் வரவேற்பில் இருப்பவர் 'வணக்கம், இது இன்ன நிறுவனம், உங்களுக்கு எப்படி உதவலாம்' என்று நீளமாகச் சொல்வார். மென்பொருள் அவரை இயந்திரம் என்று முடிவுகட்டி வைத்துவிடும். நிறுவனங்களுக்குக் கால் பேசும் குழு இந்த அம்சத்தை அணைத்துவிடுவதுதான் நல்லது. வாய்ஸ்மெயில் வந்தால் விற்பனையாளர் ஒரு சொடுக்கில் கட் செய்துகொள்ளட்டும், அவருக்கு மூன்று நான்கு விநாடிதான் செலவு.

மூன்றாவது, விற்பனையாளரின் பக்கம். கால் இணைந்ததும் 'டிங்' என்று ஒரு சத்தம், பிறகு திரையில் விவரம், அதைப் படித்துவிட்டு அவர் வாயைத் திறப்பார். இதைச் சரிசெய்ய, பெயரும் 'ஏன் அழைக்கிறோம்' வரியும் திரையின் மேலே, பெரிய எழுத்தில், வேறெதுவும் கலக்காமல் வர வேண்டும். மற்றதெல்லாம் கீழே.

இதைச் சோதிக்கத் தனிக் கருவி தேவையில்லை. உங்கள் எண், நண்பர்கள் எண் என ஐந்தாறை ஒரு சோதனைப் பட்டியலாகப் போட்டு டயலரை ஓடவிடுங்கள். எடுத்து, 'ஹலோ' சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு விநாடிக்குள் குரல் வந்தால் சரி. இரண்டைத் தாண்டினால் பட்டியலை ஏற்றாதீர்கள்.

மணி எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும்? 15 விநாடிக்குக் குறைவாக வைத்தால் பையிலிருந்து போனை எடுப்பதற்குள் நின்றுவிடும், அது மிஸ்டு கால் தொல்லை. 30-ஐத் தாண்டினால் வாய்ஸ்மெயில்கள் நிறைய வந்து விழும். 20 முதல் 25 வரை பெரும்பாலும் ஒத்துவரும்.

7. ஸ்கிரிப்ட்: முதல் இருபது விநாடியை மட்டும் எழுதுங்கள்

முழுப் பேச்சையும் எழுதிக் கொடுத்தால் ஆட்கள் படிப்பார்கள், படிப்பது கேட்பவருக்குத் தெரியும். தொடக்கத்தை வரிக்கு வரி எழுதுங்கள். அதற்குப் பிறகு கேள்விகள் மட்டும் போதும். சரக்குக் கணக்கு மென்பொருள் விற்பதாக வைத்துக்கொள்வோம்:

'வணக்கம், நான் இன்ன நிறுவனத்திலிருந்து பேசுகிறேன். போன வாரம் எங்கள் தளத்தில் சரக்குக் கணக்குக்கு டெமோ கேட்டிருந்தீர்கள், அதற்காகத்தான் அழைத்தேன். இப்போது இரண்டு நிமிடம் பேசலாமா, இல்லை வேறு நேரத்தில் கூப்பிடட்டுமா?'

யார், ஏன், எவ்வளவு நேரம் மூன்றும் வந்துவிட்டது, தப்பிக்க வழியும் கொடுத்தாயிற்று. 'வேறு நேரம்' என்று சொன்னால் அதுவும் வெற்றிதான், நேரம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். 'எப்படி இருக்கீங்க சார், சாப்பிட்டீங்களா' என்று தொடங்கும் தொடக்கத்தை நீக்கிவிடுங்கள். முன்பின் தெரியாதவர் நலம் விசாரித்தால் எதிரே இருப்பவர் உஷாராகிவிடுவார்.

பிறகு கேள்விகள்: இப்போது கணக்கை எதில் வைக்கிறீர்கள்? அதில் எது தொல்லை? மாற்றுவதென்றால் யார் முடிவெடுப்பார்? விலையைப் பற்றிய பேச்சு இவை மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு.

மறுப்புகளில் மிகவும் ஏமாற்றுவது 'மெயில் அனுப்புங்க'. பாதி நேரம் அது மரியாதையான 'வேண்டாம்'. 'சரி, அனுப்புகிறேன். எதைப் பற்றி அனுப்பினால் உங்களுக்குப் பயன்படும், விலையா, பழைய கணக்கை இதற்கு மாற்றும் முறையா?' என்று கேளுங்கள். உண்மையிலேயே விருப்பம் இருப்பவர் ஒன்றைச் சொல்வார். 'எல்லாம் அனுப்புங்க' என்றால் புரிந்துகொண்டு, அனுப்பிவிட்டு, அடுத்தவரிடம் போங்கள்.

8. கால் முடிந்ததும்: முடிவுக் குறிகள்

ஒவ்வொரு கால் முடிந்ததும் விற்பனையாளர் ஒரு குறியைத் தேர்ந்தெடுப்பார், அடுத்து அந்த எண்ணை என்ன செய்வது என்பதை டயலர் அதை வைத்துத்தான் முடிவு செய்யும். முப்பது குறி வைத்தால் எல்லோரும் முதலில் கண்ணில் படுவதை அழுத்துவார்கள். எட்டு பத்துக்குள் நிறுத்துங்கள்: டெமோ உறுதி, கால்பேக் கேட்டார், முடிவெடுப்பவர் வேறு ஆள், இப்போது விருப்பமில்லை, இனி அழைக்க வேண்டாம், தவறான எண், வாய்ஸ்மெயில், பேச்சு நடுவில் கட்.

'இப்போது விருப்பமில்லை', 'இனி அழைக்க வேண்டாம்' இரண்டையும் கலக்க விடாதீர்கள். முதலாமவரை ஆறு மாதம் கழித்து அழைக்கலாம். இரண்டாமவரை எந்தப் பட்டியலில் எந்தப் பெயரில் வந்தாலும் டயலர் தானாகவே தடுக்க வேண்டும். அந்தத் தடுப்பு எல்லாப் பிரசாரத்துக்கும் சேர்ந்ததா, அந்த ஒரு பட்டியலுக்கு மட்டுமா என்று மென்பொருளில் சோதித்துப் பாருங்கள். பல மென்பொருள்களில் இது தனி டிக் பெட்டி.

எடுக்கப்படாத கால்களுக்கு விற்பனையாளர் குறி போட வேண்டியதில்லை, லைனே ஓர் எஸ்ஐபி எண் குறியில் விடை சொல்லும். 486 என்று வந்தால் பிஸி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அடிக்கலாம். 480 என்றால் இப்போது கிடைக்கவில்லை, மணிக்கணக்கில் தள்ளிவையுங்கள். 404 என்றால் அப்படியொரு எண்ணே இல்லை, நீக்குங்கள். 603 என்றால் மறுத்துவிட்டார், அன்று மறுபடி கூப்பிடாதீர்கள். 503 நிறைய வந்தால் வாடிக்கையாளர் மேல் தப்பில்லை, உங்கள் லைன் நிறுவனத்தின் பக்கம் ஏதோ சிக்கல். ஒரு எச்சரிக்கை: 'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை' என்ற பதிவுக் குரல் சில இடங்களில் கால் இணைவதற்கு முன்பே ஒலிக்கும், குறியில் அது 'எடுக்கவில்லை' என்று மட்டுமே விழும். ஒரே எண் பல நாள் பல நேரத்தில் 'எடுக்கவில்லை' என்றால் கையால் ஒருமுறை அடித்துக் கேளுங்கள்.

மறு முயற்சியில் நேரத்தை மாற்றுவதுதான் பலன் தரும். காலை பத்துக்கு எடுக்காதவரை மறுநாளும் காலை பத்துக்கே அழைத்தால் அவர் அதே கூட்டத்தில்தான் இருப்பார். மொத்தம் ஐந்தாறு முயற்சி, இரண்டு வாரத்தில் பரப்பி, ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

குறிப்பு எழுத 30 முதல் 60 விநாடி ஒதுக்குங்கள். 'பேசினேன், யோசிக்கிறேன் என்றார்' என்பது குறிப்பு அல்ல. 'இப்போதைய ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. முடிவு கணக்குத் துறைத் தலைவருடையது. பிப்ரவரி இரண்டாம் வாரம் கூப்பிடச் சொன்னார். பழைய மென்பொருளில் அறிக்கை தாமதம் என்று புலம்பினார்' என்பது குறிப்பு. பிப்ரவரியில் வேறொருவர் அழைத்தாலும், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடரலாம். கால்பேக் நேரம் குறிப்பில் இருந்தால் மட்டும் போதாது, டயலரின் கால்பேக் பெட்டியில் வாடிக்கையாளரின் உள்ளூர் நேரத்தில் பதிந்திருக்க வேண்டும்.

9. முதல் நாள் ஓட்டம், பிறகு பார்க்க வேண்டிய கணக்கு

முழுப் பட்டியலையும் ஏற்றாதீர்கள். மதிப்புக் குறைந்த நூறு எண், இரண்டு விற்பனையாளர், ஒரு மணி நேரம். மேற்பார்வையாளர் நேரலையில் கேட்கட்டும். பெரும்பாலான டயலர்களில், வாடிக்கையாளருக்குக் கேட்காமல் விற்பனையாளர் காதில் மட்டும் பேசும் வசதி உண்டு. புதியவர்களுக்கு இது ஒத்தாசை என்று தோன்றும். ஆனால் ஒரு காதில் வாடிக்கையாளர், இன்னொரு காதில் முதலாளி என்றால் மனுஷன் திணறிவிடுவான். கேட்டு எழுதிவைத்து, கால் முடிந்த பிறகு சொல்லுங்கள்.

'இன்று எத்தனை கால்' என்ற எண்ணைச் சுவரில் மாட்டாதீர்கள். மாட்டினால், எடுத்தவுடன் வைத்துவிட்டுக் கணக்கு ஏற்றுவார்கள். அடித்ததில் எத்தனை சதவீதம் மனிதர் எடுத்தார், எடுத்தவற்றில் எத்தனை ஒரு நிமிடத்தைத் தாண்டியது, தாண்டியதில் எத்தனை அடுத்த கட்டத்துக்குப் போனது, இந்த மூன்றும் போதும். முதலாவது விழுந்தால் எண்ணையோ பட்டியலையோ பாருங்கள். இரண்டாவது விழுந்தால் மௌனத்தையும் முதல் வாக்கியத்தையும் பாருங்கள். மூன்றாவதுதான் விற்பனையாளரின் திறமை. வாரத்துக்கு ஓர் ஆளுக்கு மூன்று பதிவு கேட்டாலே எது என்று தெரிந்துவிடும். கேட்கும்போது ஒரு நிமிடத்துக்குள் செத்துப்போன கால்களைத் தேர்ந்தெடுங்கள், வெற்றிக் கால்களில் கற்க அவ்வளவாக இருக்காது.

10. பில்லும் பூட்டும்

நிமிடக் கட்டணத்தைவிடக் கட்டணம் எத்தனை விநாடிக் கணக்கில் ஏறுகிறது என்று கேளுங்கள். வாய்ஸ்மெயிலில் 8 விநாடி போன காலுக்கு, 60 விநாடிக் கணக்கில் முழு நிமிடம், 6 விநாடிக் கணக்கில் 12 விநாடி. டயலரில் குட்டிக் கால்கள்தான் அதிகம் என்பதால் மாதக் கடைசியில் வித்தியாசம் பெரிதாக இருக்கும். மிகக் குறுகிய கால்களின் பங்கு அதிகமானால் தனி அபராதக் கட்டணம் போடும் லைன் நிறுவனங்களும் உண்டு, ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்.

கடவுச்சொல் பலவீனமான எஸ்ஐபி கணக்குகளைத் தேடித் திரியும் கூட்டம் ஒன்று இருக்கிறது. உள்ளே புகுந்தால், அதிகக் கட்டணமுள்ள வெளிநாட்டு எண்களுக்கு வார இறுதி ராத்திரியில் கால் மேல் கால் போடுவார்கள், பில் உங்களுக்கு. நீங்கள் விற்கும் நாடுகளைத் தவிர மற்ற எல்லா நாட்டு அழைப்பையும் லைன் நிறுவனத்தின் பக்கத்திலேயே அடைத்துவிடுங்கள். தினசரிச் செலவுக்கு உச்சவரம்பு வையுங்கள், தானாகப் பணம் நிரப்பும் வசதியை அணையுங்கள், நுழைவுக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்று மாலையே மூடுங்கள், அவர் கையில் வாடிக்கையாளர் பட்டியலைத் தரவிறக்கும் உரிமை இருந்ததா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.